படிப்பறிவு இவ்ளோ கூடின பிறகும் தேர்தல்ல சின்னம் எதுக்கு?

சின்னம் எப்படி வந்துச்சுன்னு பார்த்தா பதில் ஈஸியா புரியும். 1951 சென்சஸ்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்கு 18 பேர் தான். வாக்காளர்களோ 17 கோடிக்கு மேல, படிச்சவங்களுக்கு மட்டும் ஓட்டுன்னு சொல்லாம எல்லாருக்கும் குடுத்தாங்க பாருங்க, அத நெனச்சா இன்னிக்கும் பெருமையா இருக்கு.

முதல் தேர்தல்ல வாக்குச்சீட்டுல வேட்பாளர் பேரும் கிடையாது சின்னமும் கிடையாது. ஆளுக்கு ஒரு இரும்புப் பெட்டி, அதுல சின்னத்த ஒட்டி மறைவான இடத்துல வரிசையா வச்சிருப்பாங்க, நீங்க உள்ள போய் புடிச்ச பெட்டியில சீட்ட போட்டுட்டு வந்துடலாம், எழுதவே வேணாம். இதுக்காகவே 20 லட்சத்துக்கும் மேல பெட்டி செஞ்சாங்க. சிக்கல் என்னன்னா உள்ள போனவர் சீட்ட போடாம மடிச்சு வெளிய கொண்டாந்து வித்துடலாம், வாங்கினவன் மொத்தமா ஒரே பெட்டியில போட்டா யாருக்கும் தெரியாது. 1962 பொதுத்தேர்தல்ல எல்லா பேரும் சின்னமும் ஒரே சீட்டுல வந்து முத்திரை குத்துற முறை ஆச்சு. அப்புறம் மெஷின், 2004ல நாடு முழுக்க.

இப்பவும் சின்னம் வேணும்னு தான் நான் சொல்வேன். 2024ல ராமநாதபுரத்துல ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையா நின்னப்போ அதே பேர்ல இன்னும் பல பன்னீர்செல்வம் நின்னாங்க, படிக்கத் தெரிஞ்சவங்களே குழம்பிடுவாங்க. அவரோட பலாப்பழத்துக்கு 3 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்து ரெண்டாவது இடம் வந்தாரு.