விறகுக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரன். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டித் தர நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டுகிறோம். தை மாதம் ஊரில் எங்கள் பெரிய வீட்டில் செட்டிநாட்டு விருந்து வைத்து, டிக்கெட் போட்டு, வரும் தொகையை அனுப்புவதாகத் திட்டம். அழைப்பிதழை இணைத்திருக்கிறேன். உறவினர்களோ, "நம் ஊர்ப் பள்ளிக்கூடமே ஒழுகுகிறது, ஆப்பிரிக்காவுக்கு எதற்கு?" என்கிறார்கள். அழகப்பச் செட்டியார் பிறந்த மண்ணில் இப்படிக் கேட்கிறார்களே என்று மனம் வலிக்கிறது. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? வரிவிலக்கு உண்டா என்றும் கேட்கிறார்கள். தாங்கள் விருந்துக்கு வந்து பத்து நிமிடம் பேச வேண்டும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வரிவிலக்கை ஆடிட்டரிடம் கேளுங்கள். பேச வரமாட்டேன், விருந்து வீட்டில் பேசுகிறவனை எவரும் கேட்பதில்லை, பந்தி எப்போது என்றுதான் பார்ப்பார்கள்.

உறவினர்களுக்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு. இலையில் விழப்போகும் கவுனி அரிசியும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். இத்தனையும் கடல் கடந்து வரலாம், நான்கு பெட்டி சாக்பீஸ் கடல் கடந்து போகக் கூடாதோ? ஒழுகுகிற பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற அவர்கள் கிளம்பினால் எனக்கும் சொல்லுங்கள், வருகிறேன். கிளம்பமாட்டார்கள்.

இனி அழைப்பிதழ். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. மூக்கொழுகி நிற்கும் அந்தப் பெண்குழந்தையைப் பணியாரத்துக்கும் உப்புக்கறிக்கும் மேலே அச்சடித்திருக்கிறீர்களே, அவளுடைய தாயிடம் யார் கேட்டார்கள்? உங்கள் மகளை அந்தக் கோலத்தில் படம் எடுத்து மலாவியில் ஒருவர் அழைப்பிதழ் அடித்தால் சும்மா இருப்பீர்களா?

நானும் அப்படியொரு படத்துக்கு நின்றவன்தான், தம்பி. சரியாகச் சொன்னால், நிற்கவிடாமல் விரட்டப்பட்டவன். 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பு நம் பள்ளிகளின் மதிய உணவுக்குப் பொருள் கொடுத்து வந்தது. எங்கள் பள்ளிக்கும் பால் பொடி வந்தது, எண்ணெய் வந்தது, கோதுமை ரவையும் வந்தது. ஒருநாள் யாரோ படம் எடுக்க வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா எனக்குத் தீபாவளிச் சட்டையை எடுத்துப் போட்டு, தலையில் எண்ணெய் வழிய வாரிவிட்டாள். அலுமினியத் தம்ளரோடு வரிசையில் முதல் ஆளாக நின்றேன். வந்தவர் என்னைப் பார்த்தார், வாத்தியாரிடம் ஏதோ சொன்னார். வாத்தியார் என்னைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, சட்டையில்லாத பையன் ஒருவனை முன்னால் நிறுத்தினார். அந்தப் பையனும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். அதன் பிறகு ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். வேறு படம் தேடவும் வேண்டாம்.

சொல்ல வந்தது இதுவல்ல. உங்கள் இரண்டு வகுப்பறைகள்.

மலாவியில் 1994-இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கினார்கள். அதுவரை சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை, ஒரே மூச்சில் 30 லட்சத்தை ஒட்டி ஏறிவிட்டது. மரத்தடியில் பாடம், ஓர் ஆசிரியருக்கு நூறு பிள்ளைகள் என்றானது அதனால்தான். ஆக, வகுப்பறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுங்கள். ஆனால் கட்டிடம் திறக்கிற அன்று நீங்கள் படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவீர்கள். மறுநாள் காலை அங்கே கரும்பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பது? மூன்றாம் ஆண்டு பெருமழையில் தகரம் பறந்தால் யார் வருவது? அழகப்பரைச் சொல்கிறீர்கள். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. மகத்தான காரியம். ஆனால் எழுந்ததைத் தொடர்ந்து நடத்த மத்திய அரசு இருந்தது. உங்கள் பள்ளிக்கு?

என் அப்பா ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கப்பிள்ளை. வரவில் தர்மத்துக்கு என்று ஒரு பங்கை மகமையாக எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். யாரும் வந்து கையேந்த வேண்டியதில்லை, மனம் உருக வேண்டியதும் இல்லை. ஏட்டில் அது ஒரு செலவு. அப்பா அந்த வழக்கத்தைத் தன் சொற்பச் சம்பளத்துக்கும் எடுத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் அவருடைய சொந்தக் கணக்கு நோட்டு கிடைத்தது. மாதாமாதம் அரிசிக்கும் முன்னால், முதல் வரியில், "ப.கூ. விறகு, 25 காசு."

பள்ளிக்கூட விறகு! அமெரிக்காவிலிருந்து ரவை வந்தது சரி. அதை வேகவைக்க அடுப்பு எரிய வேண்டாமா? அதற்குத் தலைமையாசிரியர் வீடு வீடாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் குடித்த பால் அமெரிக்கப் பால் என்று அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைக் காய்ச்சிய விறகு அப்பா வாங்கியது என்பது எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

1964-இல் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது முதலாளி வீட்டில் மிச்சமிருந்த வரவும் நின்றது. அப்பாவுக்கு நான்கு மாதம் சம்பளம் இல்லை. அந்த நான்கு மாதமும் நோட்டில் முதல் வரி அதேதான், பக்கத்தில் மட்டும் "நிலுவை" என்று இருக்கிறது. சித்திரை நிலுவை, வைகாசி நிலுவை, ஆனி நிலுவை, ஆடி நிலுவை. ஆவணியில் ஒரு ரூபாய் இருபத்தைந்து காசு கொடுத்துத் தீர்த்திருக்கிறார். அந்த மாதங்களில் நாங்கள் கேழ்வரகுக் கூழ் குடித்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மலாவியில் பல பள்ளிகளில் காலையில் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த கஞ்சி ஊற்றுகிறார்கள். மாவு நன்கொடையாக வருகிறது. விடியுமுன் வந்து அடுப்பு மூட்டிக் கிளறுபவர்கள் அந்த ஊர்த் தாய்மார்கள், கூலியில்லாமல். உங்கள் பள்ளியில் எப்படி என்று விசாரியுங்கள். அந்த அடுப்புக்கு மாதம் என்ன செலவு, கூடுதலாக ஓர் உதவி ஆசிரியர் வைத்தால் மாதம் என்ன ஆகும், இரண்டையும் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்குங்கள். பிறகு விருந்துக்கு வருகிறவர்களிடம் ஒரே நாளில் ஐயாயிரம் வாங்குவதைவிட, மாதம் இருநூறு வீதம் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் பாதியாகும், ஆகட்டும்.

வங்கி விவரத்தை அனுப்புங்கள். என் பெயரில் மாதம் ஐந்நூறு ரூபாய். நன்கொடை என்று எழுத வேண்டாம், விறகு என்று எழுதுங்கள். வயதாகிவிட்டது, மறதி அதிகம். எந்த மாதமாவது வராமல் போனால் நிலுவை என்று குறித்து வைத்து எனக்குத் தபால் போடுங்கள்.