மலையில் பூத்த மஞ்சள் பூ எது? ரீச்சரிடம் கேள்விகள்

விடுமுறைக்குச் சுவிஸ், கனடா, நுவரெலியா என்று போய்வந்தவர்கள் அனுப்பிய படங்கள் குவிந்துவிட்டன. அநேகமாக எல்லாமே சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூக்கள். இந்த முறை அவற்றைத்தான் பார்க்கப்போகிறேன்.

ரீச்சர், சுவிஸில் மலையேறப் போன மகன் எடுத்த படங்கள் இவை. ஆர்னிக்கா என்கிறான். சரியா? (கோண்டாவில்)

முதல் படத்தில் பூவின் முகம் மட்டும்தான் இருக்கிறது. முகத்தை வைத்துச் சூரியகாந்திக் குடும்பத்தில் பெயர் சொல்ல முடியாது. 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம் இது. நாம் ஒரு பூ என்று பறிப்பது உண்மையில் பல பூக்களின் கூட்டம்: நடுவில் குழல் போன்ற சின்னப் பூக்கள், ஓரத்தில் நாக்குப் போல நீண்டவை. மலைப்பூக்களில் எத்தனையோ இனங்களுக்கு இதே அமைப்பு, இதே மஞ்சள். அதனால் இலையையும் தண்டையும் பூவின் முதுகையும் பார்க்க வேண்டும்.

நல்ல காலம், இரண்டாவது படத்தில் தண்டு தெரிகிறது. ஆர்னிக்காவுக்கு அடியிலைகள் நிலத்தோடு வட்டமாகப் படிந்திருக்கும். தண்டில் ஒன்று இரண்டு சோடி இலைகள்தான், அவையும் எதிரெதிராக. உங்கள் படத்தில் தண்டிலைகள் மாறி மாறி நிற்கின்றன, ஓரத்தில் பல் இருக்கிறது, செடி கற்களுக்கிடையில் நிற்கிறது. இது டொரோனிக்கம், அதே குடும்பத்து வேறொரு மஞ்சள் பூ. அது நின்ற இடம் சுண்ணாம்புக்கல்லா என்று மகனிடம் கேளுங்கள். அங்கே பெரிய பூ பூக்கும் டொரோனிக்கம் சுண்ணாம்புக்கல் சரிவுகளை விரும்பும். ஆர்னிக்காவோ சுண்ணாம்பு இல்லாத, அமிலத்தன்மையுள்ள புல்வெளியில்தான் வளரும்.

ஆர்னிக்காப் பூவை எண்ணெயில் காய்ச்சி முழங்காலுக்குப் பூசலாமா? (மானிப்பாய்)

வேண்டாம், அக்கா. ஆர்னிக்காவை உள்ளே எடுத்தால் வயிற்றையும் இதயத்தையும் பாதிக்கும். காயம்பட்ட தோலிலும் படக்கூடாது. அதைப் போலவே தெரியும் செனேசியோ வகைகளில் ஈரலைக் கெடுக்கும் நச்சு உண்டு. படம் பார்த்து அடையாளம் கண்ட எந்தச் செடியையும் குடிக்கவோ காய்ச்சவோ கூடாது.

ஆர்னிக்கா விதை கொண்டுவந்தால் இங்கே முளைக்குமா? (சாவகச்சேரி)

யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், போதாததற்கு வெயில். சரிவராது. ஐரோப்பாவில் பல இடங்களில் பாதுகாக்கப்பட்ட செடியும்கூட.

ஹோட்டன் சமவெளியில் முள்ளுப் பற்றை நிறைய மஞ்சள் பூ. இதுவும் சூரியகாந்திக் குடும்பமா? (நல்லூர்)

இல்லை. பயற்றம்பூ வடிவத்தைப் பாருங்கள். அவரைக் குடும்பத்து உலெக்ஸ். ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கே பரவிய களை.

கனடா றொக்கி மலையில் ஊசியிலை மரங்களுக்குக் கீழே எடுத்தது. இலை இதய வடிவம். (ஸ்காபரோ)

முழுச் செடியையும் எடுத்திருக்கிறீர்கள், நன்றி பிள்ளை. எதிரெதிர் இலை, இதய வடிவம், மரநிழல் எல்லாம் பொருந்துகின்றன. இதய இலை ஆர்னிக்கா. திறந்த சரிவில், அம்புத்தலை வடிவத்தில் வெள்ளி ரோமம் படிந்த பெரிய இலைகளோடு நின்றிருந்தால் அதே குடும்பத்துப் பல்சமோரைசா என்றிருப்பேன்.

பதுளைப் பக்கம் றோட்டோரம் காட்டுச் சூரியகாந்தி நிறைய. தடி வெட்டி வந்து வேலியில் நடலாமா? குழைக்கும் உதவுமே? (சுன்னாகம்)

இலை மூன்று அல்லது ஐந்து பிளவாக இருக்கிறது, செடி ஆளுயரத்துக்கு மேல். தித்தோனியாதான். மெக்சிக்கோப் பக்கத்துச் செடி. நட வேண்டாம், களையாகப் பரவும்.

நான் தோட்டத்தில் வேலை செய்தவன். தேயிலைக்கு அதை வெட்டிப் போட்டோம், மண் நன்றாக இருந்தது. ரீச்சர் சும்மா பயப்படுத்துகிறீர்கள். (பசறை)

அண்ணை, உரம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அந்த இலையில் நன்றாக உண்டு. ஏற்கெனவே அது நிற்கும் இடத்தில் வெட்டிப் போடுவது நல்ல வேலை. இல்லாத ஊருக்குக் கொண்டுபோவது வேறு விடயம். விதையிலும் வரும், வெட்டிய தடியிலும் வரும், கூட்டமாக எழும்பி மற்றச் செடிகளை அமுக்கும்.

வேலிக்கும் குழைக்கும் நடுகிற கிளிசரியாவும் வெளிநாட்டுச் செடிதானே? (பசறை)

ஆம். ஆனால் அது நட்ட வேலியில் நிற்கிறது, தரவைக்குள் ஓடவில்லை. பார்த்தீனியத்தைப் பாருங்கள். அதுவும் இதே சூரியகாந்திக் குடும்பம்தான். இந்திய அமைதிப்படைக் காலத்தில் வந்ததாகச் சொல்கிறார்கள். இன்று வடக்கில் தோட்டக்காரர் கைதடித்து, மூச்சிரைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். குழைக்குப் பூவரசு இருக்கிறது, கிளிசரியா இருக்கிறது. இன்னொரு களையை ஏன் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும்? சுன்னாகத் தம்பி, தடியை வெட்டாதீர்கள்.

இது என்ன பூ? (பெயரில்லை)

மறுபடியும் முகம் மட்டும். இலை, தண்டு, பூவின் முதுகு வேண்டும்.

இது? (கரவெட்டி)

ஆவாரை. ஐந்து இதழ், தட்டையான காய். சூரியகாந்தியோடு சம்பந்தமில்லை. ஆவாரை அனுப்பிய மற்றவர்களுக்கும் இதுவே பதில்.

கறுத்தக்கொழும்பான் மாமரம் பூக்கவில்லை, ரீச்சர். (உரும்பிராய்)

உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

சுவிஸில் பனி உருகிய உடனே, இலையே இல்லாமல் மஞ்சள் பூ. டான்டலியனா? (பேர்ண்)

டான்டலியன் தண்டு வெறுமையாக, உள்ளே குழலாக இருக்கும், முறித்தால் பால் வரும், பூவில் நாக்குப் பூக்கள் மட்டுமே. உங்கள் படத்தில் தண்டில் செதில் செதிலாக இருக்கிறது, நடுவில் குழல் பூக்களும் தெரிகின்றன. துசிலாகோ. பெரிய இலைகள் பூ முடிந்த பிறகுதான் வரும். இருமலுக்கு அங்கே தேநீர் போடுவார்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செனேசியோவில் உள்ள அதே வகை ஈரல் நச்சு இதிலும் உண்டு.