நிற்கும் காரில் 40 காட்டும் டேஷ்போர்டு: பழுது எங்கே?

கேள்வி: என்னுடையது கேபிள் ஸ்பீடோமீட்டருடன் வந்த பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். கேபிளைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸில் அது இருந்த இடத்திலேயே மூன்று வயர் ஹால் சென்சார் (காந்தப் புலம் மாறுவதை உணர்ந்து மின் துடிப்பு தருவது) பொருத்தி, டிஜிட்டல் டேஷ்போர்டுடன் இணைத்திருக்கிறேன். கிலோமீட்டருக்கு 2,548 துடிப்பு என்று அமைத்திருக்கிறேன். வண்டி நிற்கும்போதே சில நேரம் 40 காட்டுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் 140 வரை போகிறது. ஓடும்போது 60 இருந்த இடத்தில் திடீரென்று 110 வந்து நிற்கிறது. சென்சாரை மாற்றியும் பயனில்லை. டேஷ்போர்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் 40, 140 என்ற இரண்டு எண்களே பழுது இருக்கும் திசையைக் காட்டிவிடுகின்றன.

டேஷ்போர்டுக்குத் தெரிந்தது எண்ணுவது ஒன்றுதான். சிக்னல் வயரில் நொடிக்கு எத்தனை துடிப்பு வருகிறது என்று எண்ணி, நீங்கள் கொடுத்த 2,548ஐ வைத்துக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. ஆகவே வேகம் தவறாகத் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வர வேண்டிய துடிப்பு தொலைகிறதா, வரக்கூடாத துடிப்பு வந்து சேர்கிறதா? தொலைந்தால் சென்சார், இடைவெளி, கனெக்டர், அறுந்த வயர் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். சேர்ந்தால் வயரின் பாதையையும் எர்த்தையும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சென்சாரையே மாற்றிக்கொண்டிருப்பதில்தான் பலருடைய பணமும் பொறுமையும் கரைகின்றன.

உங்களுக்குத் துடிப்பு சேர்கிறது. எங்கிருந்து என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜப்பானியத் தர அளவின்படி ஸ்பீடோமீட்டர் கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 637 முறை சுற்றும். சுற்றுக்கு 4 துடிப்பு தரும் சென்சார் என்றால் 2,548. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்கிறீர்கள். நிமிடத்துக்கு 2,548 துடிப்பு என்றால் நொடிக்குச் சுமார் 42.5. இனி என்ஜினைப் பாருங்கள். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தீப்பொறி. ஐடிலிங்கில் 850 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 28.3 தீப்பொறி. அந்த 28.3ஐ டேஷ்போர்டு சென்சார் துடிப்பு என்று நம்பி எண்ணினால் திரையில் வரும் வேகம் சரியாக 40. என்ஜினை 3,000 ஆர்பிஎம்முக்கு உயர்த்தினால் நொடிக்கு 100 தீப்பொறி, திரையில் 141. உங்கள் டேஷ்போர்டு இக்னிஷனை எண்ணிக்கொண்டிருக்கிறது!

இது என் ஊகம்; வலுவான ஊகம். ஆனால் சோதித்து உறுதிப்படுத்தாமல் ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆர்பிஎம்மைப் படிப்படியாக உயர்த்துங்கள். பொய் வேகம் ஆர்பிஎம்முக்கு ஏற்ற விகிதத்தில் ஏறினால், அதாவது 1,700இல் சுமார் 80 என்று வந்தால், இக்னிஷன்தான். ஹெட்லைட் போட்டவுடன் பொய் வேகம் தலைகாட்டினால் ஆல்டர்னேட்டர் அல்லது எர்த். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது மட்டும் வந்தால் அந்த மோட்டாரும் அதன் எர்த்தும்.

அடுத்த சோதனைக்கு ஒரு சிறு வயர்த் துண்டு போதும். மிக முக்கியமான சோதனை இதுவே. இக்னிஷனை அணைத்துவிட்டு சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். டேஷ்போர்டிலிருந்து வரும் பக்கத்தில், சிக்னல் வயரையும் எர்த் வயரையும் அந்தத் துண்டால் இணையுங்கள். மூன்றாவது வயரில் வோல்டேஜ் வரும். துண்டு அதைத் தொடவே கூடாது. வெறுமனே கழற்றி விட்டுவிட்டால் அந்தரத்தில் தொங்கும் சிக்னல் வயர் ஆன்டெனாவைப் போலச் சுற்றியுள்ள மின் இரைச்சலையெல்லாம், அதாவது மற்ற கருவிகள் கிளப்பும் வேண்டாத சிக்னல்களையெல்லாம், வாங்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இணைத்தபின் என்ஜினை ஓட்டுங்கள். பொய் வேகம் அடியோடு மறைந்தால் சிக்னல் வயர் இரைச்சலை வாங்கும் அளவுக்கு பலவீனமாக இருந்தது என்று பொருள். மறையாவிட்டால் இரைச்சல் எர்த் வழியாகவோ டேஷ்போர்டுக்குப் போகும் பவர் வயர் வழியாகவோ நுழைகிறது. எப்படியானாலும் சென்சாருக்கு இனி செலவு செய்ய வேண்டியதில்லை.

சிக்னல் வயர் ஏன் பலவீனமாகிறது? பெரும்பாலான மூன்று வயர் ஹால் சென்சார்களுக்கு வயரைப் பூஜ்ஜிய வோல்ட்டுக்கு இழுக்க மட்டுமே தெரியும். மேலே தூக்கத் தெரியாது. தூக்குவது சிக்னல் வயருக்கும் பவருக்கும் நடுவே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர். தானாக மூடிக்கொள்ளும் கதவில் திறப்பது நம் கை, மூடுவது ஸ்பிரிங் என்பதைப் போல. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் காற்றடித்தாலே கதவு ஆடும். சில டேஷ்போர்டுகளில் இந்த ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் அமைப்பில் போய் இயக்க வேண்டும், சிலவற்றில் நாம்தான் வெளியே வைக்க வேண்டும். உங்கள் கையேட்டில் முதலில் தேட வேண்டிய வரி இது. இல்லையென்றால் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். 12 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது சுமார் 5.5 மில்லி ஆம்பியர்; வழக்கமான ஹால் சென்சார் இதை எளிதில் தாங்கும். ஆனால் டேஷ்போர்டின் இன்புட் 5 வோல்ட்டுக்கு மட்டும் உரியது என்று கையேடு சொன்னால், ரெசிஸ்டரின் மறுமுனையை 5 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும். 12 வோல்ட்டில் இணைத்தால் இன்புட் எரிந்துபோகலாம். அப்போதுதான் உண்மையிலேயே டேஷ்போர்டு மாற்ற வேண்டிவரும்.

ரெசிஸ்டர் சரியாக வேலை செய்கிறதா என்பதை மல்டிமீட்டரே சொல்லிவிடும். இன்னொரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, டிரைவ் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை வைக்காதீர்கள். சென்சார் கனெக்டர் அதன் இடத்திலேயே இணைந்திருக்கட்டும். இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை சென்சாரின் எர்த் வயரிலும் சிவப்பு முனையை சிக்னலிலும் கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து தொடுங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றும்போது மீட்டர் இரண்டு நிலைகளுக்கு நடுவே தாவ வேண்டும்: கீழே அரை வோல்ட்டுக்குள், மேலே ரெசிஸ்டர் இணைந்திருக்கும் 5 அல்லது 12 வோல்ட்டுக்கு அருகில். மேல்நிலை ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் புல்-அப் இல்லை. கீழ்நிலை ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்க மறுத்தால் சென்சாரின் எர்த் சரியில்லை. தாவலே இல்லையென்றால்தான் சென்சாரையும் அதைச் சுற்றும் பல்லையும் பார்க்க வேண்டும்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு சக்கரம் தரையில் நிற்க, மற்றதை மட்டும் சுற்றினால் டிஃபரன்ஷியல் (இரு டிரைவ் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு) பாதி வேகத்தில்தான் சுற்றும். நான்கு துடிப்பு எதிர்பார்த்த இடத்தில் இரண்டு வந்தால் சென்சாரைக் குறைசொல்லாதீர்கள். கையால் சுற்றிய சக்கரத்தின் இரண்டு சுற்றுதான் சாலையில் இரு சக்கரங்களும் சேர்ந்து சுற்றும் ஒரு சுற்றுக்குச் சமம்.

எர்த்துக்கு வருகிறேன். சென்சாரின் எர்த்தை கியர்பாக்ஸ் உடம்பில் எங்காவது ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். என்ஜினும் கியர்பாக்ஸும் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இக்னிஷன் என எல்லாவற்றின் கரண்ட்டும் திரும்பி ஓடும் பாதை. டேஷ்போர்டின் எர்த் உள்ளே பாடியில் இருக்கிறது. இரண்டு இடமும் ஒரே பூஜ்ஜியம் என்று நாம் நினைக்கிறோம். மின்சாரம் அப்படி நினைப்பதில்லை. என்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஃபேனும் ஓட, மல்டிமீட்டரின் ஒரு முனையை டேஷ்போர்டு எர்த்திலும் மறுமுனையை சென்சார் எர்த்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தை நம்பாதீர்கள். சென்சாரின் எர்த் வயரை நேராக டேஷ்போர்டு கனெக்டரில் உள்ள சென்சார் எர்த் பின்னுக்கே (pin) கொண்டுபோங்கள். வழியில் வேறெங்கும் இணைக்க வேண்டாம்.

அடுத்து வயரின் பாதை. பழைய கேபிள் போன வழியிலேயே புதிய வயரையும் விட்டிருப்பீர்கள், அது இயல்பு. ஆனால் அந்த வழி பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இக்னிஷன் காயிலுக்கும் பக்கத்தில் போகும். இரும்புக் கேபிளுக்கு அது பொருட்டில்லை. ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் பிளக் வயருக்கு ஒட்டி, ஒரே டையில் கட்டப்பட்ட சிக்னல் வயர் என்ன பாடுபடும்? ஒரு சாண் தூரமாவது விலக்குங்கள். குறுக்கே போயாக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். வயரைச் சுற்றி உலோக உறை உள்ள ஷீல்டு கேபிள் பயன்படுத்துங்கள். ஷீல்டை டேஷ்போர்டு பக்கத்தில் மட்டும் எர்த்தில் இணைத்து, சென்சார் பக்கத்தில் வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். இரு முனையிலும் இணைத்தால் ஷீல்டு வழியாகவே கரண்ட் ஓடி, நாம் துரத்திய இரைச்சலை நாமே உள்ளே அழைத்ததாகிவிடும். பிளக்கும் பிளக் வயரும் ரெசிஸ்டர் உள்ளவைதானா என்றும் பாருங்கள். வெறும் செம்புக் கம்பி பிளக் வயரும் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் சேர்ந்திருந்தால் இரைச்சலின் ஊற்றே அதுதான். அதை மாற்றாமல் மற்ற எதைச் செய்தாலும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எப்போதாவது ஒரு தாவல் மிஞ்சினால், டேஷ்போர்டு முனையில் சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை வைக்கலாம். 120 கிலோமீட்டர் வேகத்திலும் உங்கள் துடிப்பு நொடிக்கு 85தான். இந்தக் கெப்பாசிட்டர் அதைத் தொடாது, தீப்பொறியின் கூர்மையான முள்ளை மட்டும் மழுக்கும். இதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். கெட்ட எர்த்தை கெப்பாசிட்டர் மறைத்துவைக்கும்; குணப்படுத்தாது.

அளவுத் திருத்தம் எல்லாம் அமைதியான பிறகுதான். நேரான, வண்டிகள் இல்லாத சாலையில் ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். ஜிபிஎஸ்ஸையும் டேஷ்போர்டையும் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். ஜிபிஎஸ் 60, டேஷ்போர்டு 66 என்றால் 2,548ஐ 66ஆல் பெருக்கி 60ஆல் வகுத்து 2,803 என்று கொடுங்கள். கொஞ்சம் அதிகமாகக் காட்டுவது தவறில்லை. ஐ.நா.வின் 39ஆம் வாகன விதி, காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது, கூடினால் 10 சதவீதமும் 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. தேய்ந்த டயரைக் கழற்றிப் புதியது போட்டாலே சுமார் 2 சதவீதம் மாறும் என்பதால், டயர் மாற்றிய பிறகு ஒருமுறை மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் சிலரிடம் இரண்டு வயர் சென்சார் இருக்கும். அதில் காந்தமும் காயிலும் மட்டுமே உள்ள வகைக்குப் பவர் தேவையில்லை. வேகத்துக்கு ஏற்ப அதன் வோல்டேஜ் ஏறும். மெதுவாகப் போகும்போது மட்டும் வேகம் பூஜ்ஜியமாகிறது என்றால், அந்த வோல்டேஜ் டேஷ்போர்டுக்குப் போதவில்லை என்று பொருள். சென்சார் முனைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

ஏபிஎஸ் உள்ள கார்களில், சக்கர சென்சாரின் வயரைக் கீறி டேஷ்போர்டுக்கு ஒரு கிளை எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இன்றைய ஏபிஎஸ் சென்சார்களில் பல, 7, 14 மில்லி ஆம்பியர் என்ற இரு கரண்ட் அளவுகளால்தான் தகவல் சொல்கின்றன. இடையில் நீங்கள் எதை மாட்டினாலும் அந்த அளவு கெடலாம், பிரேக் பிடிக்கும் கணத்தில் ஏபிஎஸ் கைவிடலாம். அப்படிப்பட்ட காருக்கு கேன் (CAN, காரின் கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வயர் இணைப்பு) வழியாகவோ ஜிபிஎஸ் வழியாகவோ வேகம் எடுக்கும் டேஷ்போர்டே சரி.

உங்கள் டேஷ்போர்டைச் சந்தேகிக்க ஒரே ஒரு சூழ்நிலைதான் மீதம். சிக்னல் வயரை டேஷ்போர்டு கனெக்டரின் பின்னிலிருந்தே (pin) எடுத்துவிட்டு, அந்தப் பின்னை அதன் எர்த்துடன் இணைத்து, பவரையும் எர்த்தையும் தனி வயரில், ஃபியூஸ் வைத்து, நேராக பேட்டரியிலிருந்து கொடுங்கள். அப்போதும் என்ஜின் ஓடும்போது 40 காட்டினால் கோளாறு அதற்குள்ளேதான். வாங்கிய இடத்துக்கு அனுப்பும்போது இந்தச் சோதனையையும் நீங்கள் அளந்த வோல்டேஜ்களையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். “வேகம் தவறாகக் காட்டுகிறது” என்று மட்டும் எழுதினால், இரைச்சலே இல்லாத மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.