காகிதப் பூவும் பெரியப்பாவின் தோரணமும்

கேள்வி: தங்கைக்கு வரும் தை மாதம் கல்யாணம். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். மேடை, வாசல், விளக்கு எல்லாம் சேர்த்து அலங்காரத்துக்கு 70,000 ரூபாய் கேட்கிறார்கள். எங்களால் முடிந்தது 15,000. வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "500 காகிதப் பூ செய்து மேடை முழுக்க ஒட்டிவிடலாம்" என்கிறாள் தங்கை. எனக்கும் ஆசைதான். ஆனால் பெரியப்பா, "நாலு பேர் வருகிற இடத்தில் காகிதத்தை ஒட்டி மானத்தை வாங்காதீர்கள்" என்று கோபப்படுகிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: பெரியப்பாவிடம் அப்புறம் வருகிறேன். முதலில் மண்டபத்துக்கு ஒரு போன் போடுங்கள். வெளியாட்கள் அலங்காரம் செய்ய அனுமதி உண்டா, அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்களா, சுவரில் டேப் ஒட்டலாமா, ஆணி அடிக்கலாமா என்று கேளுங்கள். முக்கியமாக, சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும்? தை மாதத்தில் அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கும். உங்களுக்கு முன்னால் கல்யாணம் நடத்துகிறவர்கள் சாப்பாடு முடிந்து கிளம்பவே மூன்று மணி ஆகிவிட்டால், மாலை வரவேற்புக்குமுன் உங்களுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம்தான். காசு குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அதைவிட நேரம்தான் காலை வாரும்.

அதனால் நான் சொல்லும் கணக்கு இதுதான்: வீட்டிலேயே செய்து முடித்து, மண்டபத்தில் வெறுமனே மாட்டக்கூடியதை மட்டும் கையில் எடுங்கள். அங்கே உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிற வேலை ஒன்றுகூட வேண்டாம். என் அண்ணன் மகன் கல்யாணத்தில் தெர்மோகோல் எழுத்துகளை மேடையிலேயே வெட்டி, இருபக்க டேப் வைத்து ஒட்டினோம். ஃபேன் போட்டதும் மாப்பிள்ளையின் முதல் எழுத்து பறந்து நாதஸ்வரக்காரர் மடியில் போய் விழுந்தது. ஆல்பத்தில் இன்றும் அவன் முதல் எழுத்து இல்லாமல்தான் நிற்கிறான்.

500 காகிதப் பூவையும் கொஞ்சம் கணக்குப் போடுவோம். க்ரேப் பேப்பரில் ஒரு பூ செய்ய 5 நிமிடம் என்றால், மொத்தம் ஏறக்குறைய 42 மணி நேரம். மூன்று பேர் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரம். மார்கழியில் எப்படியும் வீட்டில் விசேஷம் இருக்காது, சாயங்காலங்களில் செய்துவிடலாம். ஆனால் 500 எதற்கு? 100 போதும், அதுவும் ஒரே இடத்தில், மணமக்கள் உட்காருகிற இடத்துக்குப் பின்னால். பரவலாக ஒட்டினால் பள்ளி ஆண்டு விழா மாதிரி ஆகிவிடும் (பெரியப்பா பயப்படுவது அதுதான் என்று நினைக்கிறேன்). இன்னொன்று, க்ரேப் பேப்பர் நனைந்தால் சாயம் விடும். பன்னீர் தெளிக்கிற வாசலில் அதை வைத்தால் சம்பந்தி வீட்டு வெள்ளை வேட்டி சிவப்பாகிவிடும்.

மேடையின் பின்புறத்துக்குத் துணி வாடகைக்கு எடுக்காதீர்கள், புடவை இருக்கிறதே! ஒரு புடவை 18 அடி நீளம், கிட்டத்தட்ட 4 அடி அகலம். அதைச் சரிபாதியாக மடித்து மேலே கம்பியில் போட்டால் 9 அடிக்குத் தொங்கும், மண்டப மேடைக்கு அளவாக வரும். கொசுவம் வைத்துச் சுருக்கினால் ஒரு புடவை 2 அடி இடத்தை நிறைக்கும். 20 அடி மேடைக்கு 10 புடவை. அம்மா, சித்தி, அத்தை, பெரியம்மா என்று நாலு பீரோவைத் திறந்தால் அரக்கும் மாம்பழ மஞ்சளுமாகப் பத்து கிடைக்காதா? இரண்டு நிறத்துக்கு மேல் கலக்காதீர்கள். பட்டில் பின் குத்தினால் ஓட்டை நிற்கும், அதனால் துணி காயப்போடுகிற கிளிப்பே போதும். எது யாருடையது என்று ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகு பஞ்சாயத்து. ஓமகுண்டத்துக்கும் குத்துவிளக்குக்கும் பக்கத்தில் எந்தத் துணியும் காகிதமும் வரக்கூடாது. நைலான், பாலியெஸ்டர் என்றால் இன்னும் ஆபத்து, தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

இனி பூ. தை மாதப் பனியில் மல்லி வரத்து குறையும், முகூர்த்த நாள் என்றால் விலை ஏறும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான், ஆனால் தையில் அதை மேடைக்குக் கொட்ட உங்கள் பட்ஜெட் தாங்காது. மல்லி தலைக்கு மட்டும். அலங்காரத்துக்கு செண்டுமல்லி, செவ்வந்தி, சம்பங்கி. முதல் நாள் விடிகாலையில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி மொத்தமாக வாங்குங்கள். ஊசி நூலில் கோத்த சரங்களை ஈர வேட்டியில் பரப்பி மூடி, நிழலில் வையுங்கள். பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டினால் புழுங்கிக் கெட்டுவிடும்.

எத்தனை கிலோ வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். இந்த வாரமே கால் கிலோ செண்டுமல்லி வாங்கி, 5 அடிச் சரம் ஒன்று கோத்துப் பாருங்கள். எவ்வளவு பூ ஆனது, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி ஆனால், 30 சரத்துக்கு 15 மணி நேரம். அதற்கு எத்தனை கை வேண்டும் என்று அப்போது தெரிந்துவிடும். அதில் தங்கையின் கையைச் சேர்க்காதீர்கள், முதல் நாள் அவள் கையில் மருதாணி இருக்கும். மணமாலையும் சீரியல் லைட்டும் உங்கள் வேலை இல்லை. மாலையைப் பூக்காரரிடமும், லைட்டை வயரிங் தெரிந்தவரிடமும் கொடுத்துவிடுங்கள். 15,000-இல் பாதியை இவற்றுக்கும் பூவுக்கும் ஒதுக்கலாம்.

சரி, பெரியப்பா. அவர் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் காலத்துக் கல்யாணத்தில் அலங்காரத்துக்கு ஆள் வைத்தா செய்தார்கள்? வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, பங்காளிகளும் மாமன் மச்சான்களும் உட்கார்ந்து தென்னை ஓலையைக் கிழித்து விடிய விடியத் தோரணம் கட்டினார்கள். அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும் தெரியாதது அது. நல்ல காரியத் தோரணத்தில், ஓலையை மடித்துச் செய்கிற குருவி நான்கு இருக்க வேண்டும், தலை மேலே பார்க்க வேண்டும். துக்க வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவி, தலை கவிழ்ந்து கீழே பார்க்கும் என்பார்கள் பெரியவர்கள். வீடியோ பார்த்துக் கட்டிய ஒரு பெண் தலைகீழாகக் கட்டி, வாசலிலேயே பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே வாசலை முழுக்க அவரிடம் விட்டுவிடுங்கள். "பெரியப்பா, தோரணம் எங்களுக்குக் கட்டத் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்" என்று அப்பாவைச் சொல்ல வைக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள். வாழை மரமும் அவர் பொறுப்பு. குலை தள்ளிய வாழை மறுபடி காய்க்காது, எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள் என்பதால் தோப்புக்காரர் தெரிந்தவராக இருந்தால் மலிவாகவே கிடைக்கும். கூடவே மாவிலை, கீழே மாக்கோலம், செம்மண் கரை. மண்டபத் தரை வழவழப்பாக இருந்தால் ஈரக்கோலத்தில் கால் வழுக்கும், ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக் காயவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தாம்பூலப் பைக்கு அந்தப் பளபள நான்-ஓவன் பையை (பார்க்கத் துணி மாதிரி இருக்கும், ஆனால் பிளாஸ்டிக்) வாங்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பிளாஸ்டிக் பொருட்களில் அதுவும் ஒன்று. துணி மஞ்சப்பை வாங்குங்கள், நம் கல்யாணங்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

கழற்றுவது யார் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். பந்தி முடிந்ததும் எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளை பின்னால் போய்விடுவார்கள், மண்டபக்காரர் வந்து நிற்பார். இரண்டு தம்பிமார்களை அதற்கென்றே நிறுத்தி, பத்துப் புடவையும் எண்ணி வாங்கச் சொல்லுங்கள்.