குழந்தையின் கண் விலகலுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு காரணமா?

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு மாதம் நிறைகிறது. பால் குடிக்கும்போது சில நேரம் ஒரு கண் மூக்குப் பக்கம் ஒதுங்கி, உடனே தானாக நேராகிவிடுகிறது. கண் தசைக்குக் கால்சியம் போதவில்லை, சொட்டு மருந்து கொடுங்கள் என்று எங்கள் எஸ்டேட் லைனில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மருத்துவர் எழுதித் தராமல் கொடுக்க வேண்டாம். இந்த வயதில் கண் இப்படி அவ்வப்போது விலகி நேராவது பல குழந்தைகளிடம் காணப்படுவதுதான்.

தசை சுருங்கக் கால்சியம் தேவை என்பது உண்மையே. ஆனால் அது அன்றன்று குடிக்கும் பாலிலிருந்து நேராகத் தசைக்குப் போவதில்லை. தசைநாருக்குள் இருக்கும் நுண்ணிய பைகள் கால்சியத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. நரம்பின் கட்டளை வந்ததும் அது வெளியேற, நார் சுருங்குகிறது. மீண்டும் பைகளுக்குள் இழுக்கப்பட்டதும் தளர்கிறது. ஒவ்வொரு கண்ணையும் திருப்பும் ஆறு தசைகளும் கணப்பொழுதில் சுருங்கித் தளர வேண்டியவை என்பதால், இந்த வேலை அங்கே மிக விரைவாக நடந்தாக வேண்டும். டூஷேன் எனப்படும் மரபுவழித் தசைச்சிதைவு நோயில் கை, கால் தசைகள் கால்சியம் மிகுந்து அழியும்போதும் கண் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுவதற்கு, கால்சியத்தைக் கையாளும் இந்தத் திறனும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இது இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

இந்த ஏற்பாடு பிறக்கும்போதே முழுமையாக அமைந்துவிடுவதில்லை. எலிக்குட்டிகள் பிறந்து ஏறத்தாழ 14 நாளில் கண் திறக்கின்றன. அதன் பின்னும் சில வாரங்கள் அவற்றின் கண் தசைப் புரதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இருட்டில் வளர்த்தால் அந்த மாற்றம் பிசகுகிறது. மனிதக் குழந்தைக்கோ, இரு கண்களையும் ஒன்றாக இயக்க மூளையும் பழக வேண்டும். உங்கள் பேத்தியின் கண் விலகலில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பேன்.

ஆகவே, பனிக்கும் குளிருக்கும் அஞ்சிப் பகலெல்லாம் அறையை இருட்டாக வைக்காதீர்கள். வெளிச்சத்தில், ஒரு சாண் தொலைவில் முகத்தைக் காட்டிப் பேசுங்கள். தாய்ப்பாலில் உள்ள கால்சியமே இப்போது போதும். வைட்டமின் டி மட்டும் நாளுக்கு 400 யூனிட் தேவைப்படும், அதை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

நான்கு மாதம் கடந்தும் கண் விலகினால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு கண் எப்போதுமே விலகி நின்றாலோ, கண்ணின் நடுவிலுள்ள கரிய பாவையில் வெண்மை தெரிந்தாலோ, நான்கு மாதம் வரை காத்திராமல் உடனே உதகை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.