இறங்கி வருகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு நாளிதழுக்குப் பழனியிலிருந்து படம் எடுத்துக் கொடுக்கிறேன். இந்தத் தைப்பூசத்துக்கும் காவடி, அலகு, மலைப்படி என்று போன வருடத்துப் படங்களையே திரும்ப எடுத்த மாதிரி இருந்தது. காசி, கும்பமேளா, அமர்நாத் என்று ஒரு வருடம் சுற்றி, இந்தியாவின் பக்தியைப் பற்றி ஒரு படத்தொகுப்பு செய்ய ஆசை. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நம்பாதவன் கும்பிடுகிறவர்களைப் படம் எடுக்கலாமா? தொந்தரவு கூடாதென்று தூரத்தில் நின்று டெலி லென்ஸில்தான் எடுக்கிறேன். அது சரிதானா?

க., ஆயக்குடி

அன்புள்ள க.,

எடுக்கலாம். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் கேமராவோடு இருந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், கார்த்தியே-பிரெஸ்ஸோன். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று அந்தப் படங்களைப் பார்க்கிற யாரும் கேட்பதில்லை. லென்ஸுக்கு இவ்வளவு யோசிக்காதே. கூட்டத்துக்குள் போய் இடிபடு, கிட்ட நின்று எடுக்க 35 எம்.எம். லென்ஸ் போதும்.

போன வருடத்துப் படத்தையே எடுத்தேன், அதனால் காசிக்குப் போகிறேன் என்கிறாயே, அதைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. பழனியில் கண் திறக்காதவனுக்குக் காசியில் மட்டும் எப்படித் திறக்கும்? அங்கேயும் இதே படத்தைத்தான் எடுப்பாய். காவடி இருந்த இடத்தில் சடாமுடி இருக்கும்.

பக்தி என்று நம் பத்திரிகைகளில் வருவதெல்லாம் போகிறவர்களின் படம். ஒட்டன்சத்திரம் சாலையில் பச்சை வேட்டியோடு நடக்கிறவர்கள், சண்முக நதியில் முங்குகிறவர்கள், படியேறுகிறவர்கள். சாயங்காலத்துக்குள் பேப்பரின் பக்கத்தை முடிக்க வேண்டும். படம் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்ததும் போட்டோகிராபர் பைக்கைக் கிளப்பிவிடுவார். திரும்பிப் போகிறவர்களை யார் எடுத்தார்கள்? நகரத்தார் காவடி சுமார் நானூறு வருடங்களாகக் குன்றக்குடி வழியாக வருகிறது. அவர்கள் ஊர் திரும்புவதும் நடந்துதான். அந்தத் திரும்பு நடையின் படம் ஒன்றை நாளிதழில் நீ பார்த்திருக்கிறாயா? போகிறவர்கள் முகத்தில் இருப்பது வேண்டுதல். பரீட்சை எழுதப் போகிற பையன் முகத்திலும் அது இருக்கும். திரும்புகிற முகம்தான் ஆளுக்கு ஆள் வேறு.

நாங்கள் கொடைக்கானல் மலையில் இருக்கிற பண்ணைக்காட்டுக்காரர்கள். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா படுத்த படுக்கையானார். அம்மா பழனிக்கு முடி நேர்ந்துகொண்டாள். அப்பா பிழைக்கவில்லை. முதல் வருடத் திவசம் முடிந்து வந்த தை மாதத்தில், அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பழனிக்குக் கிளம்பினாள். பெரியம்மா வாசலிலேயே மறித்தாள். "அவந்தேன் காப்பாத்தலையே, ஒனக்கு எதுக்குடி மொட்டை?" அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நான் சொன்னது சொன்னதுதேன்க்கா."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் பொருக்குப் பொருக்காகத் தோளில் உதிர்ந்தது. மடியில் பஞ்சாமிர்த டப்பா. பின்சீட்டில் யாரோ குழந்தை வாந்தி எடுக்க, பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகரக் கொடுத்தாள். மறுநாள் காலை மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கப் போய்விட்டாள். அறுவடை நேரம், ஒரு நாள் கூலியை விட முடியாது.

படியேறும்போது அம்மாவை யாராவது எடுத்திருந்தால் அவள் கூட்டத்தில் ஒருத்தி. கேட்டது கிடைக்காமல் போன பிறகும் கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டு வருகிற பெண்ணை அந்தப் பஸ்ஸில்தான் பார்க்க முடியும். நம்பிக்கை இல்லாத உனக்கும் இது கண்ணில் படும். படவில்லையென்றால் குறை உன் நாத்திகத்தில் இல்லை, உன் அவசரத்தில் இருக்கிறது.

அந்த டப்பாவையும் விட்டுவிடாதே. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பேர்போன பழம் எங்கள் மலையின் விருப்பாச்சி வாழை. முடிக்கொத்து நோய் வந்து தோப்பு தோப்பாக அழித்த பிறகும், காப்பிச் செடிகளுக்கு ஊடே அந்த வாழையை வைத்து வளர்க்கிறவர்கள் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இருக்கிறார்கள். தாராக இறங்கிப் போன பழம் பிரசாதமாக மலையேறி வருகிறது. அமர்நாத்துக்கு டிக்கெட் பார்க்கிற நீ, அந்தத் தாரைத் தோளில் சுமந்து லாரியில் ஏற்றுகிறவரை ஒரு தடவையாவது எடுத்தாயா? ஆயக்குடியிலிருந்து எவ்வளவு தூரம் அது?

பங்குனி உத்திரம் வருகிறது. தேரை எடுத்து ஆபீஸுக்கு அனுப்பு, அது உன் சோறு. மறுநாள் விடிகாலையில் பழனி பஸ் ஸ்டாண்டுக்குப் போ. கொடைக்கானல், திண்டுக்கல், உடுமலை, எந்த வண்டியானாலும் ஏறி உட்கார். பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் பேசு. எடுக்கலாமா என்று கேள். வேண்டாம் என்றால் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர். அவர் இறங்கும் ஊரில் நீயும் இறங்கு. எடுத்ததை எனக்கு அனுப்பு, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறேன்.