ஒன்பது இரவில் நான்கு கிரேக்கத் தீவுகள் வேண்டாமே

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மே கடைசியில், பையனின் பள்ளி விடுமுறையில், கிரீஸ் போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகன், 64 வயது அம்மா. மொத்தம் ஒன்பது இரவு. சாண்டோரினி, மைகோனோஸ், கிரீட், கோர்ஃபு நான்கையும் பார்த்துவிடும்படி ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டை கூட ஆகாது. பையனுக்குக் கடலில் ஆட வேண்டும், அவ்வளவுதான். இது சரியாக வருமா?"

வராது. முதல் வேலையாகக் கோர்ஃபுவை அடித்துவிடுங்கள். தீவு மோசம் என்பதால் இல்லை. பச்சைப்பசேல் என்று, வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய நகரத்தோடு, அழகான தீவு. ஆனால் அது இருப்பது கிரீஸின் மேற்குப் பக்கம், அயோனியக் கடலில், அல்பேனியாவுக்கு எதிரே. நீங்கள் சொன்ன மற்ற மூன்றும் இந்தப் பக்கம், ஏஜியன் கடலில். இரண்டுக்கும் நடுவில் நேரடி ஃபெர்ரி கிடையாது. ஏதென்ஸுக்குத் திரும்பி வந்து விமானம் பிடிக்க வேண்டும்.

அடுத்தது கிரீட். நீளவாக்கில் 260 கிலோமீட்டர் இருக்கிறது. ஹெராக்லியோனில் இறங்கி க்னோசோஸ் அரண்மனை பார்த்துவிட்டு ஹானியா போவதென்றாலே 140 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டும். இரண்டு நாளில் கிரீட் என்பது, பந்தி போட்ட வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வருவது மாதிரி. ஒரு வாரம் கையில் இருந்தால் கிரீட் மட்டும் போங்கள், அதுவே ஒரு முழுப் பயணம். இந்த முறை வேண்டாம்.

மைகோனோஸ்? இரவு இரண்டு மணிக்கு மேல் விழித்திருக்கிறவர்களின் ஊர் அது. விலையும் அவர்களுக்கேற்ற விலை. அங்கிருந்து அரை மணி நேரப் படகில் டேலோஸ் என்ற தீவு இருக்கிறது, அப்பல்லோ என்ற கடவுள் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் நம்பிய ஊர், இன்று முழுக்கத் தொல்லியல் களம். அதற்காக மட்டும் மைகோனோஸ் போகலாம் என்பேன், ஆனால் நிழலே இல்லாத கல்காட்டில் உங்கள் அம்மாவை நடக்கவிட மனம் வரவில்லை.

தீவு மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போய்விடும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், ஃபெர்ரி ஒன்றரைக்கு, அது வரும்போது இரண்டேகால், இறங்கி வண்டி பிடித்து அறைக்குப் போய்ச் சேரும்போது மாலை ஆறு, பையன் "பீச் எங்கே" என்று கேட்பான், அம்மா கட்டிலில் சாய்ந்திருப்பார். மூன்று மாற்றம் என்றால் இப்படி மூன்று நாள்.

அதனால் நான் சொல்வது இதுதான்: முதல் இரவு ஏதென்ஸ், பிறகு நாக்ஸோஸில் நான்கு, சாண்டோரினியில் இரண்டு, அங்கிருந்து விமானத்தில் ஏதென்ஸ் திரும்பி கடைசி இரண்டு. கணக்கு சரியாக ஒன்பது.

நாக்ஸோஸ் உங்கள் பட்டியலிலேயே இல்லை, தெரியும். இன்ஸ்டாகிராமில் அதற்கு அவ்வளவு மவுசு கிடையாது. ஆனால் சைக்லடீஸ் தீவுக்கூட்டத்திலேயே பெரியது அதுதான், சுற்றுலா இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் ஊர்: உருளைக்கிழங்கு விளைகிறது, மாடு வளர்க்கிறார்கள், நல்ல பாலாடைக்கட்டி செய்கிறார்கள். ஊரை ஒட்டியே அயியோஸ் யோர்யோஸ் கடற்கரை. மணல், ஆழம் குறைவு, வெகுதூரம் நடந்து போனாலும் பையனுக்கு இடுப்பளவுதான் இருக்கும். மே மாதத்தில் தண்ணீர் குளிரும், 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், நீங்கள் நடுங்குவீர்கள், அவன் நடுங்க மாட்டான். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் போர்த்தாரா என்ற பளிங்கு வாசல் நிற்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு 500 ஆண்டுகளுக்கு மேல் முன்பு ஒரு கோயில் கட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்டுவிட்டார்கள், வாசல் மட்டும் மிச்சம். சாயங்காலம் அம்மாவை மெதுவாக அழைத்துப் போகலாம், ஒரு சின்ன ஏற்றம்தான். ஒரு நாள் மட்டும் கார் எடுத்து ஹல்கி, அபிராந்தோஸ் கிராமங்களுக்குப் போய் வாருங்கள். இந்திய லைசென்சோடு ஆர்டிஓவில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஏடிவி எனும் நாலு சக்கர பைக்கில் ஆசை வரும், குடும்பத்தோடு வேண்டவே வேண்டாம்.

சாண்டோரினிக்கு இரண்டு இரவு போதும். சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் போக, மிச்சமிருக்கும் செங்குத்து விளிம்பில்தான் ஃபிரா, ஓயா என்ற ஊர்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. போட்டோவில் பார்க்கிற அந்த வெள்ளை வீடுகள் எல்லாம் படிக்கட்டுமேல் படிக்கட்டு. டாக்ஸி சாலையோடு நின்றுவிடும், அறைக்கு அறுபது எழுபது படி இறங்க வேண்டியிருக்கலாம், பிறகு ஒவ்வொரு டீக்கும் அதே அறுபது எழுபது படி ஏற வேண்டும். "கால்டெரா வியூ" (எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த அறை) என்று போட்ட எந்த அறையையும், "சாலையிலிருந்து அறை வரை எத்தனை படி?" என்று மெயில் போட்டுக் கேட்காமல் புக் செய்யாதீர்கள். எண்ணிக்கை சொல்லாமல் "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு நான் சொல்வது பெரிஸ்ஸா அல்லது கமாரி: தீவின் மறுபக்கம், கறுப்பு மணல் கடற்கரை, சமதரை, வாடகையும் குறைவு. விளிம்பின் அழகை ஒரு மாலை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போயிற்று. சூரியன் மறைவதைப் பார்க்க ஓயாவுக்கே போகணும் என்றில்லை, அங்கே கூட்டம் நெரியும். இமெரோவிக்லியிலிருந்தும் அதே சூரியன்தான். அக்ரோதிரியை மட்டும் விடாதீர்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம், மேலே கூரை போட்டு, நடக்கப் பாதையும் போட்டிருக்கிறார்கள், வெயில் படாது, அம்மாவுக்கும் சிரமமில்லை.

ஃபெர்ரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோ நேராகவே போகிறது, ஒரு மணி நேரம். துறைமுகம் மிகப் பெரியது, எந்த கேட் என்று முந்தின நாளே பார்த்துவையுங்கள். காலை ஏழரை வாக்கில் கிளம்பும் பெரிய கப்பலில் நாக்ஸோஸுக்கு ஐந்தரை மணி நேரம் வரை ஆகும். வேகப்படகு சீக்கிரம் போகும், ஆனால் டிக்கெட் விலை அதிகம், அலை எழுந்தால் குலுக்கும், வெளியே நின்று காற்று வாங்க இடமிருக்காது. பெரிய கப்பலே நல்லது. ஏறும்போது கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் ஓரமாக அலமாரிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு தீவின் பெயர். உங்கள் தீவின் பெயர் போட்ட அலமாரியில் பெட்டியை வைத்துவிட்டு மேலே போய் உட்காரலாம். தீவு நெருங்குகிறது என்று அறிவிப்பு வந்ததும் இறங்கி வந்துவிட வேண்டும். கப்பல் முழுசாக நிற்பதற்கு முன்பே பின்பக்கக் கதவு சங்கிலிச் சத்தத்தோடு திறக்கத் தொடங்கும், வெளிச்சம் உள்ளே அடிக்கும், லாரி எல்லாம் எஞ்சினை ஸ்டார்ட் செய்திருக்கும், மொத்தம் ஐந்து பத்து நிமிடம்தான் நிற்கும். அம்மாவை முன்கூட்டியே லிஃப்டில் அழைத்து வந்துவிடுங்கள்.

காற்றின் பலத்தை அளக்கும் பியூஃபோர்ட் கணக்கில் காற்று 8ஐத் தொட்டால் பொதுவாகக் கப்பலை விட மாட்டார்கள். 'அபகொரெஃப்திகோ' என்பார்கள், அதாவது தடை. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தெமி காற்றில் இது அடிக்கடி நடக்கும். மே மாதத்தில் குறைவு, ஆனால் நடக்கவே நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு தீவில் இருக்காதீர்கள் என்பது அதனால்தான்.

சாப்பாடு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. எண்ணெயில் வேகவைத்த காய்கறிகளுக்கு 'லதெரா' என்று ஒரு தனி வகையே வைத்திருக்கிறார்கள்: பீன்ஸ், கத்தரிக்காய், பெரிய மொச்சை. சாண்டோரினியில் 'ஃபாவா' கிடைக்கும், நம் கடைந்த பருப்பு மாதிரி. தக்காளிக்குள் அரிசி அடைத்த 'யெமிஸ்தா'வில் சில இடங்களில் கொத்துக்கறி சேர்ப்பார்கள். கறி சேர்க்காததற்கு அங்கே பெயர் 'ஒர்ஃபனா', அநாதை என்று அர்த்தம்! இன்னொரு விஷயம். 'நிஸ்தீசிமோ' என்று கேட்டால் சைவம் கிடைக்கும் என இணையத்தில் சொல்வார்கள். அது அவர்களுடைய விரதச் சாப்பாடு. பால், முட்டை, கறி இருக்காது, ஆனால் இறாலும் கணவாயும் அவர்கள் விரதத்தில் சேரும். அதனால் 'ஹோரிஸ் க்ரேஆஸ், ஹோரிஸ் அவ்கோ' (கறி இல்லாமல், முட்டை இல்லாமல்) என்று தாளில் எழுதிவைத்துக் காட்டுங்கள், கடல் பிராணியும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நாக்ஸோஸில் சமையலறை உள்ள அறையாக எடுத்துவிட்டால் இரவுக்குத் தயிர்சாதம் ஆயிற்று. அந்த ஊர்த் தயிர் கெட்டி, தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே பயணத்துக்குப் பிப்ரவரியில் போட்டுவிடுங்கள், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளாகவே எடுங்கள். ஓட்டல் பில்லோடு நட்சத்திரத்துக்கேற்ப ஒரு வரியும் கேட்பார்கள். 2025 கணக்கில், கோடையில் மூன்று நட்சத்திர ஓட்டலுக்கு ஓர் இரவுக்கு அறை ஒன்றுக்கு 5 யூரோ, நான்குக்கு 10.

ஏதென்ஸில் கடைசி இரண்டு இரவில் ஒரு முழுப் பகல் மிஞ்சும். அக்ரோபோலிஸ் பார்த்தாயிற்று, இன்னும் கடல் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் பிரேயஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் ஏகினா. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அந்தத் தீவு பிஸ்தாவுக்குப் பெயர் போனது, துறைமுகத்திலேயே கடை போட்டிருப்பார்கள். ஊருக்கு வாங்கிவர அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை.